குளவி காட்டிய சைகை

அன்புள்ள அண்ணா,

நாங்கள் மூவரும் சுகம். வண்டியும் நான்கு சக்கரத்தோடு சுகம். சுகமில்லாதது அப்பாவின் வலது கை மட்டும்தான், மணிக்கட்டில் கட்டு. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன், மற்றபடி இது அப்பா உனக்கு எழுதும் கடிதம்தான். பத்தாவதோடு நின்றவள் எழுதுகிறேன், பிழை இருந்தால் என்னுடையது, கோபம் இருந்தால் அவருடையது.

முதலில் அந்தக் குளவியைப் பார்த்தது நான்தான். போன ஞாயிறு கார் பந்தயத் திடலில் அம்மா சிவப்புத் துண்டோடு வளைவுக்கு வெளியே நின்றாள், அவள் தலைக்கு மேல் வட்டமடித்தது. சொல்ல வாயெடுத்தேன், பக்கத்தில் நாலு பேர் இருந்தார்கள், மூடிக்கொண்டேன். நம் வீட்டு ஊமைக்கோட்டான் வேறென்ன செய்யும். ஒரு பந்தயத்துக்கு ஒரே ஒரு முறை நேர்வழியை விட்டு நீளமான சுற்றுவழியில் போய் வரவேண்டும், ஜோக்கர் என்று அதற்குப் பெயர் வைத்தவர் நம் குடும்பத்தை முன்பே பார்த்திருக்க வேண்டும். எந்தச் சுற்றில் போவது என்று அப்பாவுக்கு நினைவிருக்காது என்பதால் அம்மா துண்டை வீசினால் போவார். அம்மா குளவியை விரட்ட வீசினாள், அப்பா போனார். குளவி அடுத்த சுற்றிலும் வந்தது, அம்மா வீசினாள், அப்பா மறுபடியும் போனார். எல்லாச் சுற்றும் சுற்றுவழிதான். ஒலிபெருக்கிக்காரர், “அந்த நீல வண்டிக்காரருக்கு நேர்வழி மேல என்னங்க கோவம்?” என்று கேட்க, திடலே சிரித்தது. அப்பா இறங்கி ஓடிவந்து, “துண்டா அது, விசிறியா?” என்று கத்தினார். “வீட்டுல ஒருநாளாவது நான் சொன்னதைக் கேட்டிருக்கீங்களா? இன்னிக்குத்தானா கேக்கணும்?” என்றாள் அம்மா. பதில் தேடிய வேகத்தில் அப்பா சேற்றில் வழுக்கி விழுந்தார். கை பிசகியது அப்படித்தான். பந்தயத்தில் அடிபட்டது என்று உனக்கு எழுதச் சொன்னார்.

அன்றிலிருந்து அவர் வண்டிப் பக்கமே போகவில்லை. ஃபிரிட்ஜ் ரிப்பேருக்குக் கூப்பிடுபவர்கள்கூட, “நேர்வழியிலயே வந்துடுங்க சார்” என்கிறார்களாம். இப்போது குரலை இறக்கி, வரும் ஞாயிறு இந்த வருடத்தின் கடைசிப் பந்தயத்துக்குப் போகவில்லை, வண்டியைப் பழைய இரும்புக்குப் போடப்போகிறேன் என்று எழுதச் சொல்கிறார். எனக்குக் கை வரவில்லை அண்ணா. கடையில் நாளெல்லாம் ஊரார் கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன், நான் உட்கார்ந்து ஓட்டியது இந்த ஒரு வண்டியின் சீட்டில்தான். நீ போனபிறகு காலி மைதானத்தில் அப்பாவே சொல்லிக்கொடுத்தார். ஹெல்மெட் போட்டால் யாரோடும் பேசவேண்டாம், முகமும் தெரியாது, உள்ளே நான் சத்தமாகச் சிரிப்பது எனக்கு மட்டும் கேட்கும். அதே நாள் நடக்கும் இளையோர் பந்தயத்தில் பெயர் கொடுக்க நாளை வரை நேரமிருக்கிறது. கேட்க வாய்தான் வரவில்லை. அதனால் அவர் சொன்னதை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன்: வரும் ஞாயிறு நான் ஓட்டுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வேலைக்கு ஓடாதே என்கிறாள் அம்மா. எங்கிருந்தாலும் நன்றாக இரு என்பது இருவரின் ஆசி. ஞாயிறன்று மறக்காமல் போன் செய். எழுதியதை வாசித்துக் காட்டு என்கிறார் அப்பா. வாசிக்கப் போகிறேன்.

இப்படிக்கு,
அப்பா சொல்ல, சொல்லாததையும் சேர்த்து எழுதிய
ஊமைக்கோட்டான்

பி.கு. சத்தமாகவே வாசித்தேன். துண்டு வேண்டாம், இனிமேல் எழுதிய பலகை பிடிக்கிறேன் என்றாள் அம்மா. அப்பா இடது கையால் கீழே கிறுக்கியிருப்பது அவர் கையெழுத்து. பிறகு வண்டிச் சாவியைக் கடிதத்தின் மேல் வைத்தார். நான் போய் என் கால் எட்டும்படி சீட்டை முன்னால் தள்ளிப் போட்டேன்.