பட்டுவின் மேல் முளைத்த புல்

ஐப்பசி 5, வியாழன்

விடிந்ததிலிருந்து மழை. துணி ஒன்றும் காயவில்லை. விறகெல்லாம் ஈரம், புகை, கண் எரிச்சல்.

இவர் பள்ளிக்கூடத்திலிருந்து மாதப் பத்திரிகை கொண்டுவந்தார். அதில் யாப்பில்லாமல் ஒரு கவிதை. இந்தப் புது மாதிரியில்தான் இப்போது சிலர் எழுதுகிறார்களாம். இறந்தவர் எங்கும் போவதில்லை, மழை பெய்ததும் புல்லாக எழுந்து வருகிறார் என்று பொருள். மூன்று தரம் படித்தேன். எழுதினவர் யாரையாவது புதைத்திருப்பாரா?

என் பட்டு போய் ஐந்து மாதம். ஒன்றரை வயது. சின்னக் குழந்தை என்று எரிக்கவில்லை, அடையாற்றங்கரையில் புதைத்தார்கள். எனக்கு வாசலோடு சரி.

ஐப். 6, வெள்ளி

தூறல். வாங்க வேண்டியது: கடுகு, தீப்பெட்டி, விளக்குத் திரி.

சாப்பாட்டு நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"ஏன்னா, அங்க புல் முளைச்சிருக்குமோ?"

"எங்க?" பிறகு புரிந்தது அவருக்கு. "அங்கெல்லாம் பொம்மனாட்டிகள் வரப்படாதுடி."

"ஒரு தரம் பார்த்துட்டு வந்துடறேன்."

பாதிச் சாதத்தில் எழுந்துவிட்டார். கேட்டிருக்க வேண்டாம்.

ஐப். 8, ஞாயிறு

கொஞ்சம் வெயில். காபி குடித்துவிட்டு அவராகவே சொன்னார்: "புடவை மாத்திண்டு வா. யார்கிட்டயும் சொல்லாதே."

குதிரை வண்டி. மந்தைவெளி தாண்டி அடையாற்றங்கரை.

கரையில் ஏறினதும் நின்றுவிட்டார். முழங்கால் உயரம் புல், கண்ணுக்கெட்டின மட்டும். அவ்வளவு பச்சையை நான் பார்த்ததில்லை.

"எங்கேன்னா?"

அங்கே போனார், இங்கே போனார். "அன்னிக்கு வெறும் மணல். தலைமாட்டுல ஒரு செங்கல் வச்சேன். தெரியலையே." குரல் உடைந்துவிட்டது. அன்றைக்குக்கூட அழாதவர்.

கவிதையில் இருந்தது நிஜம்தான். ஆனால் எனக்கு ஒரு பிடி இடம் போதும். இதுதான் என்று தெரிய வேண்டும்.

மாட்டுக்குப் புல் அறுத்துக்கொண்டிருந்த ஒருத்தி நிமிர்ந்தாள். "இன்னாம்மா தேடிக்கினு கீறீங்க?"

சொன்னேன்.

அரிவாளைக் கீழே வைத்தாள். "எந்த எடம்னு காட்டும்மா. அத்த மட்டும் அறுக்காம உட்டுர்றேன்."

இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

"தெரியலையே" என்றேன்.

அந்தப் புல் முழுவதையும் ஒரு தரம் பார்த்தாள். பிறகு மேற்கொண்டு அறுக்காமல், அறுத்த புல்லை மட்டும் கட்டித் தலையில் தூக்கிக்கொண்டு கரையேறிப் போய்விட்டாள்.

நின்ற இடத்திலேயே உட்கார்ந்தேன். இவரும் உட்கார்ந்தார்.