திங்கட்கிழமை நிறுவை

அம்மா,

வெந்தயம் ஊறிய தண்ணீரின் கசப்பு வாடை மறுபடி நம் லயத்து வீட்டுக் காம்பராவுக்குள் வந்துவிட்டது. அக்கா அடுப்படியில் அது ஊறும் செம்பை மூடி வைத்துவிட்டுத் தூங்குகிறாள். நாளை திங்கட்கிழமை. போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் இதை எழுதுகிறேன். பயமாக இருக்கிறது.

உங்கள் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களின் உடம்பைக் கவனிக்க அந்தத் திட்டம் தொடங்கியபோது எவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள்! நோயாளிகளைத் தூக்கித் தூக்கி இடுப்பு போன உங்களிடம், "ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்று முதல் தடவையாக யாரோ கேட்டிருந்தார்கள். காலையில் வராந்தாவில் உடற்பயிற்சி, சீனி போடாத தேத்தண்ணி. பழகியதை எங்களுக்கும் காட்டினீர்கள். கையை வீசியபோது கொடிக்கயிறு அறுந்து ஈரத்துணி முழுக்க உங்கள் தலையில் விழுந்தது. அக்கா சிரித்து உருண்டாள்.

பிறகுதான் நிறுவை வந்தது. திங்கட்கிழமைகளில் எல்லோர் முன்னாலும் தராசில் ஏற்றி, பேரையும் எடையையும் உரக்க வாசித்தார்கள். குறைந்தவர்களுக்குக் கைதட்டல். ஆஸ்பத்திரி வேலைக்கு முன் நீங்கள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். மடுவக் கொட்டகையில் கொழுந்தை நிறுத்து கணக்கப்பிள்ளை எடையைக் கத்தும்போது தலைகுனிந்து நின்றவர்.

"அங்க கொறைஞ்சா ஏச்சு, இங்க கூடினா ஏச்சு" என்றீர்கள்.

ஆஸ்பத்திரிச் சமையல்கார அஞ்சலை அத்தை, "கொழுந்துன்னா தண்ணி தெளிச்சு ஏமாத்தலாம். நமக்கு என்னாத்தத் தெளிக்கிறது?" என்று கேட்டாராம். அதைச் சொல்லிச் சிரித்தீர்கள். கிளார்க், "என்னாங்க, வார்டு சோறெல்லாம் ஒங்ககிட்டயே தங்கிருச்சா?" என்று கேட்டதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிறு இரவில் சாப்பாட்டை விட்டீர்கள். காலையிலும் வெந்தயத் தண்ணீர் மட்டும்தான். அந்தக் கடைசித் திங்களன்று சீனி வியாதி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கினீர்கள்.

"ரொட்டி இருக்கும்மா" என்றேன்.

"மூடி வையி. நிறுத்துட்டு வந்து திங்கிறேன்."

ஆஸ்பத்திரிக்குப் போகும் குறுக்குப் பாதையில் விழுந்து கிடந்த உங்களைக் கொழுந்துக்குப் போனவர்கள்தான் பார்த்தார்கள். இரத்தத்தில் சீனி ஒரேயடியாக இறங்கிவிட்டது என்றார் டொக்டர்.

கொஞ்ச நாள் தராசை உள்ளே வைத்திருந்தார்கள். இப்போது அது திரும்பவும் வராந்தாவில் நிற்கிறது. உங்கள் இடத்தில் அக்கா தற்காலிகமாக வேலை பார்க்கிறாள். எடை கூடினால் நிரந்தரமாக்க மாட்டார்கள் என்று யாரோ அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இன்று மாலை உங்கள் மாத்திரை டின்னைத் திறந்து பார்த்தேன். அட்டையில் புதிதாகக் கிழிந்த இடங்கள் இருந்தன.

"அக்கா, இது சீனி வியாதிக்கு. ஒனக்கு எதுக்கு?"

"இதப் போட்டுத்தானே அம்மா மெலிஞ்சாங்க? வாய மூடிக்கிட்டுப் படு. வேல போச்சுன்னா நீ பள்ளிக்கூடம் போற லட்சணம் தெரியும்."

"அம்மா செத்துப் போனாங்க."

அவள் லைட்டை அணைத்துவிட்டாள்.

அவள் தூங்கியதும் மிச்ச மாத்திரைகளை எடுத்துவிட்டேன். விடிந்ததும் டின்னில் தேடுவாள். என்னை அடிப்பாள். அடித்தாலும் அவள் பின்னாலேயே ஆஸ்பத்திரிக்குப் போய் நர்ஸ் மிஸ்ஸிடம் சொல்லப் போகிறேன். அதனால் அவள் வேலை போகலாம்.

லயத்தில் யாருக்காவது மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிக்கொள்வீர்கள். "மொதல்ல என்னா சாப்பிட்டீங்க, சொல்லுங்க" என்பீர்கள். பதில் வரும்வரை எவ்வளவு கெஞ்சினாலும் கை திறக்காது. உங்களிடம் அப்படிக் கேட்க ஒருவரும் இருக்கவில்லை அம்மா.

அந்த மூடிய கையைத்தான் இப்போது நான் வைத்திருக்கிறேன். வியர்க்கிறது. ஆனாலும் திறக்க மாட்டேன்.