நீயே வைத்த கேள்வி

அன்பு மகனுக்கு,

அம்மாவின் ஆசி. இங்கே நானும் உன் தங்கச்சியும் அவள் மகளும் இருக்கிறோம். நலமா என்று கேட்காதே, அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் கூப்பிட்டால் "மீட்டிங்ல இருக்கேன்மா" என்று வைத்துவிடுவாய். கடிதத்தின் வாயை அப்படி அடைக்க முடியாது பார். மருமகளைக் கேட்டதாகச் சொல்.

என் இடுப்பு தேவலை. தடியை ஊன்றிக் குளியலறை வரை போய் வருகிறேன், படி மட்டும் ஏற முடியவில்லை. மாடி வீட்டுக்காரர் புதிதாக ஏசி மாட்டியிருக்கிறார், அந்தத் தண்ணீர் நம் ஜன்னலில்தான் சொட்டுகிறது. சொல்லிப் பார்த்தாயிற்று, கேட்கிற ஆள் இல்லை.

உன் தங்கச்சிக்கு வேலை போனது தெரியும் உனக்கு. ஏன் போனது என்று நீ கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. நான் விழுந்து கிடந்தபோது மருந்துக் கிடங்கில் லீவு தரவில்லை. அவள் என்னை விட்டுப் போகவில்லை, அவர்கள் அவளை நிறுத்திவிட்டார்கள். அவள் புருஷன்காரன் விட்டுவிட்டுப் போன பிறகு அந்தச் சம்பளத்தில்தான் இந்த வீட்டில் அடுப்பு எரிந்தது.

இப்போது பல் ஆஸ்பத்திரியில் உதவியாளர் பயிற்சி தருகிறார்கள், முடித்தால் அங்கேயே வேலை. அதற்காக வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குப் போனாள். அங்கே முன்போல ஆள் பார்த்து அனுப்புவதில்லை. கம்ப்யூட்டர் கேள்வி கேட்டு, பதிலை வைத்துப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பிரிக்கிறது. பச்சைக்கும் மஞ்சளுக்கும் பயிற்சி. சிவப்பு என்றால், வேலையில் நிலைக்க மாட்டாள், செலவு வீண் என்று அர்த்தமாம். உனக்குப் போய் விளக்குகிறேன் பார், அதைப் பெற்றவனே நீதானே.

அவள் கிளம்பிய அழகை நீ பார்த்திருக்க வேண்டும், மாமியார் வீட்டு விருந்துக்குப் போகிற மாதிரி. வரிசையில் பக்கத்தில் நின்ற தையல்காரம்மாவிடம், "எதையும் மறைக்காதீங்கக்கா, எங்கண்ணன் செஞ்சது, உண்மையைச் சொன்னா நல்லதுதான் பண்ணும்" என்று தைரியம் சொல்லியிருக்கிறாள். அந்த அம்மாளும் நம்பி, கண் கொஞ்சம் மங்கல் என்று சொல்லிவிட்டாள். சிவப்பு. இப்போது தெருவில் இவளைக் கண்டால் எதிர்ப்பக்கம் போய்விடுகிறாள்.

இவளுக்கும் சிவப்புதான். வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் என் கட்டிலில் உட்கார்ந்தாள். "அண்ணன் நம்மகிட்ட கேட்ட கேள்வியெல்லாம் அதுல இருக்கும்மா" என்றாள். எனக்கு முதலில் புரியவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது.

போன வருஷம் எனக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனபோது வந்தாயே, அப்போது சாப்பிட்டுக்கொண்டே அவளிடம் ஒவ்வொன்றாகக் கேட்டாய். இன்டர்வியூவுக்குப் போகாமல் விட்டதுண்டா, ஏன் விட்டாய், வீட்டில் திடீரென்று யாருக்காவது முடியாமல் போனால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவது யார் என்று. "வேற யாரு, நான்தான்" என்று சிரித்தாள். நீயும் சிரித்துக்கொண்டே போனில் குறித்துக்கொண்டாய். அண்ணன் முதல் முறையாகத் தன் கஷ்டத்தை விசாரிக்கிறான் என்று அவளுக்கு அத்தனை பூரிப்பு. வேண்டாம் வேண்டாம் என்கிறாய், இன்னொரு கரண்டி வைத்தாள். நீ தங்கச்சியையா விசாரித்தாய்? அவளை மாதிரி ஆளை எப்படிக் கழித்துக்கட்டுவது என்றல்லவா படித்துக்கொண்டு போயிருக்கிறாய்.

உங்கள் கம்பெனியில் மேடையேற்றி மாலை போட்ட போட்டோ அனுப்பினாயே, நீ செய்த இந்தக் கம்ப்யூட்டர் யார் முகத்தையும் பார்க்காது, பாரபட்சமே கிடையாது என்று எழுதி. அதை அவள் அலமாரிக் கதவில் ஒட்டி வைத்திருக்கிறாள். நேற்று கிழிக்கப் போனேன், விடவில்லை. முகத்தைப் பார்த்திருந்தாலாவது அதற்கு இரக்கம் வந்திருக்கும். வயிறு எரிகிறதடா எனக்கு.

அலுவலகத்து அம்மாள் நல்லவள். தானே நிறத்தை மாற்றினால் மேலிடத்துக்கு விளக்கம் எழுத வேண்டும், எழுதியவர்களை எல்லாம் வேறு ஊருக்குத் தூக்கியடித்துவிட்டார்கள் என்று சொன்னாளாம். ஆனால் திரையைத் திருப்பிக் காட்டியிருக்கிறாள். "இந்த ஒரு பதில்தான் உங்களைக் கீழ இழுக்குது. அம்மாவுக்கு முடியலைன்னா வேற யாராவது வந்து பார்த்துப்பாங்கன்னு இருந்தா மஞ்சளுக்கு வந்துடுவீங்க" என்றாளாம். மாத முடிவுக்குள் ஒரு முறை பதிலைத் திருத்தலாம். அந்த ஆளின் பெயரும் போன் நம்பரும் தர வேண்டும், கூப்பிட்டுக் கேட்பார்கள்.

எழுதுவதற்கு இந்த உலகத்தில் எங்களுக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. உன்னிடம் கேட்கக் கூடாது என்று அவள் என் கையைத் தன் தலையில் வைத்துச் சத்தியம் வாங்கினாள். தங்கச்சிக்காகப் பொய் சொன்னான் என்று தெரிந்தால் அண்ணன் வேலைக்கு ஆபத்து என்கிறாள். சிவப்பு வாங்கி வந்தவளுக்கு உன் வேலையைப் பற்றிக் கவலை.

சத்தியத்தை மீறிவிட்டேன். அவள் தூங்கியதும் பேத்தியை விட்டு, போனிலேயே உன் பெயரையும் நம்பரையும் போடச் செய்து அனுப்பியாயிற்று.

உன்னைக் கூப்பிடுவார்கள். அம்மாவுக்கு முடியாமல் போனால் நீங்கள் வருவீர்களா என்று கேட்பார்கள். மீட்டிங்கில் இருந்தாலும் எடுத்து, ஆமாம் என்று சொல்லிவிடு. நீயே வைத்த கேள்விதானே, சரியான பதில் எது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நீ வர வேண்டாம் கண்ணா. உன் சொல் பொய்யாகாமல் இருக்க, எனக்கு ஒன்றும் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. நன்றாக இரு.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா