கை சூடான மூன்று நாள்

புதூர்நாடு
4-2-1979

அன்புள்ள தம்பி துரைக்கண்ணுவுக்கு அக்கா எழுதிக்கொள்வது. இங்கே ஏதோ இருக்கிறோம். மருந்துக்கடை வேலை கிடைத்த பிறகு நீ மலையேறுவதே இல்லை. கண்ணமங்கலம் என்ன சீமையா?

வேலூரில் கொடுத்த மாத்திரை போட்டதிலிருந்து உன் மாமாவுக்கு நெஞ்சுவலி வரவில்லை. ஆனால் கை கால் சில்லென்று கிடக்கிறது. புளி உலுக்க ஏறினவர் பாதி மரத்தில் இறங்கி உட்கார்ந்துவிட்டார். தூங்கினால் கெட்ட கனவு. செவலைக் கன்று செத்தபோது நான் அழுதேன், அவர் சும்மா நின்றார். "இன்னா ஆச்சு உங்களுக்கு?" என்றேன். "ஒண்ணுமே தோண மாட்டேங்குது திரௌபதி" என்றார். என்னோடு சண்டைகூடப் போடுவதில்லை.

இந்த வருஷம் அம்மனுக்குக் காப்புக் கட்டப்போவது அவர்தான். காப்பு அவிழ்க்கிற வரை ஒன்பது நாளும், கடையில் விற்ற எதையும், உப்பைக்கூட, வாயில் வைக்கக் கூடாதே. மாத்திரையும் கடைச் சரக்குதானே? விசாரித்து எழுது.

உன் அக்கா
திரௌபதி

கண்ணமங்கலம்
11-2-1979

அன்புள்ள அக்காவுக்குத் தம்பியின் வணக்கம். சீமை இல்லை அக்கா, லீவுதான் இல்லை.

டாக்டரிடம் கேட்டேன். நீ எழுதியதெல்லாம் அந்த மாத்திரையின் வேலைதான். இதயம் வேகமாக அடிக்காமல் அது பிடித்து வைக்கிறது. அதனால் சிலருக்குக் கை சில்லிடும், அசதி வரும், கெட்ட கனவு வரும், மனசும் மந்தமாகும். டாக்டரிடம் சொன்னால் அளவைக் குறைப்பார், அல்லது மாற்றிக் கொடுப்பார். நாமாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது. மாரடைப்பு வரலாம். காப்புக் கட்டினாலும் மாத்திரை போடட்டும், அம்மன் கோபித்துக்கொள்ள மாட்டாள். இதை மாமாவுக்கு அப்படியே படித்துக் காட்டு.

அன்புத் தம்பி
துரைக்கண்ணு

புதூர்நாடு
19-3-1979

தம்பிக்கு,

காரியத்துக்கு வந்தபோது, "லெட்டர் லேட்டா வந்துச்சாக்கா?" என்று கேட்டாய். தலையாட்டினேன். அது பொய். காப்புக் கட்டின மூன்றாம் நாளே தபால்காரர் கொடுத்துவிட்டார்.

காப்புக் கட்டின அன்றே உன் மாமா மாத்திரையை நிறுத்திவிட்டார். மூன்றாம் நாள் காலை உப்பில்லாத சாமைக் கஞ்சியைக் குடித்துவிட்டு, "அம்மா தாயே, உனக்கு நாக்கே இல்லியா?" என்று சிரித்தார். அவர் சிரித்து நாலு மாதம் ஆகியிருந்தது. என் கையைப் பிடித்தார். சூடாக இருந்தது. செத்த கன்றுக்கு அன்றுதான் அழுதார்.

உன் கடிதத்தை நான் மட்டும் படித்தேன். சாமைப் பானைக்குள் வைத்தேன். காப்பு அவிழ்க்க இன்னும் ஆறு நாள்தானே, அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். காப்புக் கட்டின ஆறாம் நாளே, கரகம் எடுத்து வந்தவர் கோயில் வாசலில் விழுந்தார்.

எனக்கு அழுகை வரவில்லை. மிச்ச மாத்திரை மாடத்தில் அப்படியே இருக்கிறது. என் கையும் இப்போது சில்லென்றுதான் கிடக்கிறது. நான் எதுவும் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று எழுதியிருந்தாய். இதைப் படித்த பிறகும் வருவதானால் வா.

திரௌபதி