ஊதக் கூடாத பூவரசிலை

1996 ஒக்டோபர் 8, செவ்வாய்

லஞ்ச் சீற் முடிந்துவிட்டது. பார்சல் சோறு கட்டுகிற அந்த மெல்லிய பொலித்தீன் தாள் இல்லாமல் இந்த மட்டக்களப்புப் புளியந்தீவில் என்ன சோற்றுக்கடை? கொழும்பு லொறி வரவில்லை. பாதை எப்போது திறக்கும் என்று லொறிக்காரருக்கும் தெரியாது, பாதையை மூடியவர்களுக்கும் தெரியாது போலிருக்கிறது.

எதிர்க்கடைக் கோணாமலை அண்ணரிடம் போய்க் கேட்டேன். தனக்கே காணாது என்றார். சொல்லும்போது லஞ்ச் சீற் கட்டின் மேல்தான் உட்கார்ந்திருந்தார்.

வாழையிலை கிடைக்காதா என்று இன்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். வீதியோர வாழையெல்லாம் மறைப்பு என்று ஆமி வெட்டிப் போட்டு எத்தனை நாள்! மிச்சமிருக்கிற இலை கோயிலுக்கும் கலியாணத்துக்குமே போதாது.

என் வீட்டுக்காரர் விநாயகமூர்த்தி சந்தர்ப்பம் பார்த்துக் கட்டாருக்கு வேலைக்குப் போகிற கதையைத் தொடங்கினார். பாஸ்போட் ஏற்கனவே ஏஜென்சியில். டிசம்பர் ஒன்பதாம் தேதி விமானம், நவம்பர் கடைசிக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். பார்சல் வியாபாரம் படுத்தால் போவாராம், படுக்காவிட்டால் இருப்பாராம். "போனாப் போங்க" என்று சொல்லிவிட்டேன். பிறகு பருப்புக்கு இரண்டு தரம் உப்புப் போட்டேன்.

ஒக்டோபர் 9, புதன்

பழைய பேப்பரில் கட்டினோம். சூடான ரொட்டியில் அச்சு இறங்கிவிட்டது.

ஒக்டோபர் 11, வெள்ளி

அரசாங்கக் கந்தோரான கச்சேரியில் இலிகிதர் சாமித்தம்பி நம் கடையின் நிரந்தர வாடிக்கை, நிரந்தர முறைப்பாடும் அவர்தான். இன்று வந்து நின்ற விதத்தைப் பார்த்து அச்சு மையில் வயிறு போய்விட்டதாக்கும் என்று பயந்தேன். விஷயம் வேறு. அவருடைய ரொட்டியில் ஒரு தொடர்கதை இறங்கியிருந்திருக்கிறது. எழுத்தெல்லாம் இடம்வலம் மாறிக் கிடக்கிறது என்று, முகம் பார்க்கும் கண்ணாடியில் பிடித்து வாசித்திருக்கிறார். கதாநாயகி கதவைத் திறக்கிறாளாம். வெளியே நிற்பது யார் என்பது அடுத்த ரொட்டியில்.

அந்த ரொட்டியைத் தபாற்கந்தோர் ஆள் தின்றுவிட்டார் என்று விசாரித்துச் சொன்னேன். அவர் வாசித்தாரா என்று கேட்டார். வாசிக்காமல் தின்றிருக்கிறார். சாமித்தம்பிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டும். சரியாக நடத்தத் தெரியாவிட்டால் கடையை இழுத்து மூடு என்று சொல்லிவிட்டுக் கோணாமலை அண்ணரின் கடைக்குள் நுழைந்தார்.

ஒக்டோபர் 17, வியாழன்

ஏறாவூர் ஜெமீலா தயிர் கொண்டுவந்தாள். கவலையைச் சொன்னேன். அவளுடைய மாப்பிள்ளை இறைச்சிக்கடை வைத்திருக்கிறார். அங்கே காலங்காலமாகத் தேக்கம் இலையில்தான் கட்டுகிறார்களாம். ஒழுகாது, கிழியாது, தூக்கி எறிந்தால் மண்ணோடு மண். மழை விழுந்து இப்போது நல்ல தளிர் இலை என்று, ஏறாவூருக்குத் திரும்பிப் போன பஸ்காரரிடமே சொல்லிவிட்டு, பின்னேரமே ஒரு கட்டு வரவழைத்துத் தந்தாள். தங்கமான மனுசி.

ஒக்டோபர் 18, வெள்ளி

தங்கமாவது ஒன்றாவது!

தளிர்த் தேக்கிலை கசங்கினால் சிவப்புச் சாயம் விடும். சுடுசோற்றை வைத்து மடித்து மடித்துக் கட்டியிருக்கிறோம். பகல் கச்சேரியில் பிரித்தால் சோறு இரத்தச் சிவப்பு. பாதித் தின்ற பிறகுதான் சாமித்தம்பி கவனித்தாராம் (கோணாமலை கடைக்கறி சரியில்லை என்று நேற்றுத்தான் திரும்பி வந்தார், பாவம்). வாயைத் துடைத்தார், கைலேஞ்சி சிவப்பு. பல்முரசிலிருந்து இரத்தம் போகிறது என்று அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு ஆஸ்பத்திரிக்கு நடந்திருக்கிறார். அவர் பிரிவில் நம் பார்சல் தின்ற எல்லோரும் அவருக்குப் பின்னால். பல் டொக்டர் வாசலில் வரிசை.

பின்னேரம் ஜெமீலா வந்தபோது சண்டை பிடித்தேன். அவள் நிதானமாகச் சொன்னாள்: "புள்ள, இறைச்சி செவப்பாத்தானே இரிக்கும். இவ்வளவு காலமா ஆரு வந்து கேட்ட?"

தயிர் வாங்கிக்கொண்டு அனுப்பினேன்.

ஒக்டோபர் 19, சனி

இன்று கடைக்கு ஒருவரும் வரவில்லை. கோணாமலை அண்ணரின் ஆடு வந்தது.

ஒக்டோபர் 23, புதன்

தாமரை இலை. தண்ணீர் ஒட்டாத இலை என்று ஆசைப்பட்டோம். குழம்பும் ஒட்டாது என்று யோசிக்கவில்லை. உருண்டு ஒரு மூலைக்கு வந்து, அங்கிருந்து வெளியே வந்து, அங்கிருந்து தின்கிறவர் போட்டிருக்கிற சேட்டுக்கு.

இவர் சிரிக்கிறார். எனக்கு அழுகை வருகிறது. கடை படுத்தால் கட்டார். இவருக்குச் சிரிப்பு.

ஒக்டோபர் 28, திங்கள்

எழுதக் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். என் வீட்டுக்காரருக்கு ஒரு திறமை இருக்கிறது. கலியாணம் முடித்த நாளிலிருந்து தேடிக்கொண்டிருந்தேன்.

பின்வளவில் வாவிக்கரையோடு நிற்கிற பூவரச மரத்தில் ஏறி ஒரு கூடை முற்றின இலை பறித்துவந்தார். கழுவித் துடைத்து, ஒன்றன்மேல் ஒன்று பாதி ஏறும்படி வைத்து, ஈர்க்குத் துண்டால் குத்திக் குத்தித் தைத்தார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வட்டமாக ஒரு பெரிய தட்டு. நடுவில் சோறு, பக்கத்தில் கறி. நாலு பக்கமும் மடித்து வாழைநாரால் ஒரு கட்டு. நான் குலுக்கினேன். கவிழ்த்தேன். கோபத்தில் நிலத்தில் ஒரு தரம் போட்டும் பார்த்தேன். ஒழுகவில்லை.

கட்டாரில் இதையா தைக்கப்போகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை.

நவம்பர் 1, வெள்ளி

பார்சல் முழுவதும் விற்று முடிந்தது. பூவரசிலையில் மடித்தால் சோறு வாசமாக இருக்கிறதாம். சாமித்தம்பி கூட இரண்டு வாங்கினார். ஒன்று தின்ன, ஒன்று முறைப்பாடு கண்டுபிடிக்க.

நவம்பர் 5, செவ்வாய்

ஆடுகளுக்குச் செய்தி போய்விட்டது. பஸ் நிலையத்தில் யார் பார்சல் பிரித்தாலும் எதிரில் ஒரு ஆடு வந்து மரியாதையாக நிற்கிறதாம். இலை கீழே விழுந்ததும் சரி, ஈர்க்கை மட்டும் துப்பிவிட்டுப் போகிறது. கழிவுநீர் ஓடுகிற கானை அடைப்பதற்கு ஒன்றும் இல்லை என்று நகரசபைக்கு வீதி கூட்டுகிற இரத்தினம்மா வந்து என்னைக் கட்டிப்பிடித்தாள். அவ்வளவு நாளும் லஞ்ச் சீற்றைத் தோண்டித் தோண்டி முதுகு போய்விட்டதாம்.

கோணாமலை அண்ணரின் சொந்த ஆடே நம் வாசலில்தான் படுக்கிறது. அவர் கூப்பிட்டார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நவம்பர் 7, வியாழன்

சாப்பிட்ட இலையில் நல்லதாக ஒன்றைத் தெரிந்தெடுத்து, நரம்பை நீக்கிச் சுருட்டி, நுனியை நசுக்கி ஊதினால் பீப்பி. சின்ன வயதில் ஊதாத ஆள் இந்த ஊரில் இல்லை. சாமித்தம்பி இன்று கச்சேரிக்குள் ஊதியிருக்கிறார். ஐம்பத்தைந்து வயது.

நவம்பர் 10, ஞாயிறு

தீபாவளி. வெடி கொளுத்தத் தடை. பீப்பிக்குத் தடை இல்லை. காது போகிறது.

நவம்பர் 12, செவ்வாய்

எழுத்து எப்படிப் போனாலும் சரி, எழுதுறன்.

மத்தியானம் சாப்பாடு முடிந்த நேரம். கச்சேரியிலிருந்து ஒரு பீப்பி. பஸ் நிலையத்திலிருந்து பதில். ஆஸ்பத்திரிப் பக்கமிருந்து இன்னொன்று. சந்திக் காவலரணில், அந்தச் சென்றிப் பொயின்றில் நிற்கிற ஆமிக்காரருக்கு இது ஒவ்வொரு நாளும் ஒரே நேரத்தில் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறது. சிக்னல் என்று முடிவுகட்டிவிட்டார்கள். ஒருவரைப் பிடித்து இலை எங்கே கிடைத்தது என்று கேட்க, வீதியில் நின்ற அத்தனை பேரும் நம் கடையைக் காட்டியிருக்கிறார்கள். இவரை இலைக்கூடையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

ஆம்பிளையச் சென்றிக்குக் கூட்டிப்போனா இந்த ஊரில என்னெல்லாம் நடந்திரிக்கு! எனக்குக் கண் தெரியல்ல. அகப்பையோடயே ஓடினன்.

நல்ல காலம், தமிழ் தெரிந்த பொலிஸ்காரர் பதியுதீன் அங்கே நின்றார். அவர்தான் இரண்டு பக்கமும் மொழிபெயர்த்துச் சொன்னது. இது விளையாட்டு, இலையைச் சுருட்டி ஊதுகிறது என்றேன். ஆமிப் பெரியவர் நம்பவில்லை. ஊதிக் காட்டட்டும் என்றார். இவர் சுருட்டினார். ஊதினார். காற்றுத்தான் வந்தது. பயத்தில் வாய் காய்ந்துபோயிருந்தது. பெரியவரின் முகம் மாறியது.

"கொண்டாங்க இஞ்ச" என்று பறித்து நான் ஊதினேன். என் வாழ்க்கையில் அப்படி ஊதியதில்லை. பீ என்று எழும்பியது சத்தம். அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் கச்சேரிப் பக்கமிருந்து சாமித்தம்பி திருப்பி ஊதினார். பஸ் நிலையமும் ஊதியது. ஆஸ்பத்திரியும் ஊதியது. சென்றியில் எல்லோரும் துவக்கைத் தூக்கிவிட்டார்கள்.

என்ன சொல்வதென்று தெரியாமல், இவர் கட்டாருக்குப் போகிற ஆள், பாஸ்போட் கொழும்பில், இயக்கத்துக்கும் இவருக்கும் ஒரு தொடர்பும் இல்லை என்று கத்தினேன். பெரியவர் யோசித்தார். எப்போது போகிறார் என்று கேட்கச் சொன்னார்.

டிசம்பர் ஒன்பது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"அவர் போமாட்டார்" என்றேன். "போனா எனக்கு ஆரு இலை பறிச்சித் தாற? எனக்கு ஆரு இரிக்கா?"

பதியுதீன் முதல் பாதியை மட்டும் சிங்களத்தில் சொன்னார். மற்றதைச் சொல்லாமல் நிலத்தைப் பார்த்தார். இவர் என்னைப் பார்த்தார். நான் அகப்பையைப் பார்த்தேன்.

கடைசியில் பெரியவர் ஒரு கட்டளை போட்டார். கடையை விட்டு வெளியே போகிற ஒவ்வொரு பூவரசிலையிலும் ஓட்டை இருக்க வேண்டும். ஊதினால் சத்தம் வரக்கூடாது. சென்றியில் பார்ப்பார்களாம்.

விட்டுவிட்டார்கள். வீட்டுப் படலையைத் திறக்கும்போது இவர் சொன்னார்: "புள்ள, ஓட்ட போட ஒரு ஆணி வேணும்."

நான் குசினிக்குள் போய் நல்லா அழுதன்.

நவம்பர் 14, வியாழன்

இலையில் ஓட்டை. ஓட்டையில் குழம்பு. குழம்பு சாமித்தம்பியின் மடியில். சட்டத்துக்குக் கட்டுப்பட்டு நடக்கிறோம் என்றேன். அரசாங்க ஊழியர், மறுத்துப் பேச முடியவில்லை.

நவம்பர் 16, சனி

இவர் கண்டுபிடித்துவிட்டார். இரட்டைத் தட்டு. கீழ்த் தட்டின் ஓட்டையை மேல் தட்டின் இலை மூடும், மேல் தட்டின் ஓட்டையைக் கீழ்த் தட்டு மூடும். சென்றியில் பிரித்துத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்கள். எல்லாம் ஓட்டை. போகலாம் என்றார்கள். நாளைக்குத் தங்களுக்கும் ஒரு கட்டு வேண்டுமாம். ஓட்டை இல்லாமல்.

நவம்பர் 21, வியாழன்

கோணாமலை அண்ணரின் லஞ்ச் சீற் முடிந்துவிட்டது. தட்டு வாங்க வந்தார், ஆட்டைப் பார்க்க வந்ததுபோல. நமக்கே காணாது என்று சொல்ல நாக்குத் துடித்தது. இவர் முந்திக்கொண்டு ஒரு அடுக்கை எடுத்துக் கொடுத்துவிட்டார். இந்த மனிசனை வைத்துக்கொண்டு பழிவாங்கவும் முடியாது.

நவம்பர் 29, வெள்ளி

ஏஜென்சிக்கு முடிவு சொல்ல இன்றுதான் கடைசி. காலையில் சேட்டுப் போட்டுத் தபாற்கந்தோருக்குப் போனார், கொழும்புக்கு ரெலிபோன் எடுக்க. நான் கேட்கவில்லை. திரும்பி வந்து அவரும் சொல்லவில்லை. இரண்டு பேரும் இலை துடைத்தோம். கேளடி, கேட்டால் என்ன? அன்றைக்குச் சென்றியில் ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொன்னவளுக்கு இன்றைக்கு என்ன வெட்கம்?

கேட்கவில்லை.

டிசம்பர் 9, திங்கள்

விடியலிலிருந்து தூறல். இன்று கட்டார் விமானம். இந்நேரம் பறந்திருக்கும்.

இவர் பூவரச மரத்தில் இருக்கிறார். தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு, கிளைக்குக் கிளை தாவிக்கொண்டு. காய்ச்சல் வரும், இறங்குங்க என்றேன். ஒரு கூடை நிரம்பட்டும் என்றார். கோணாமலை அண்ணரின் ஆடு மரத்தடியில் அண்ணாந்து நிற்கிறது. பாஸ்போட் தபாலில் வருமாம். அதையும் இப்போதுதான், மரத்திலிருந்து சொன்னார்.

பருப்பில் இன்று உப்பு அளவாக இருக்கிறது.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மரத்திலிருந்து ஒரு பீப்பிச் சத்தம், மெதுவாக. ஓட்டை போடாத இலை. கட்டளையை மீறுகிறார், ஓடிப்போய் ஏச வேண்டும். ஏசவில்லை. மழையில் சென்றிக்குக் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது.