யாருதுன்னு சொல்லாத

3 மார்ச் 2025
காலைப் பால் அறுபத்திரண்டு லிட்டர். நான் அளந்து ஊற்ற, தங்கச்சி சந்தியா ஒவ்வொருவர் தூக்குவாளியையும் முகர்ந்து பார்த்தாள். ஆட்டிசம் இருக்கிற பெண்ணைப் பால் சொசைட்டியில் எதற்கு நிறுத்துகிறாய் என்று செக்ரட்டரி மாயவன் இன்றும் முறைத்தார். ஒரு மாதம் பாருங்கள், பிறகு உதவியாளராகப் போடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். இருபத்தோரு வயது. இன்னும் எத்தனை நாள் வீட்டுக்குள்ளேயே இருப்பாள்?

5 மார்ச்
ஜெயம்மாள் அத்தை தூக்கைத் திறந்ததும், "புளிப்பு வாடக்கா" என்றாள் சந்தியா. நானும் முகர்ந்தேன். சத்தியமாக நல்ல பால் வாசனைதான் வந்தது. பதினோரு வருஷத்தில் அத்தை பாலில் ஒரு குறை கண்டதில்லை. "சும்மா இருடி" என்று அதட்டிவிட்டுப் பெரிய கேனில் ஊற்றினேன். பத்து மணிக்குக் குளிரூட்டும் நிலையத்திலிருந்து கேன் திரும்பி வந்துவிட்டது. முழுக்கத் திரிந்த பால்.

அத்தை வீட்டுக்கு ஓடினேன். "நேத்து சாயந்திரம் மீந்தத கொஞ்சம் சேத்துட்டேன்டி. இன்னா ஆயிடப் போவுதுன்னு."

ஊர்ப் பால் பூரா போச்சு. முகர்ந்தேனே — என் மூக்கு எங்க போச்சு?

6 மார்ச்
திட்டு விழும் என்று நின்றேன். மாயவன், "இனிமே இங்க உன் தங்கச்சி மூக்குதாம்மா. அதுக்கு ஆளு தெரியாது, பால்தான் தெரியும்" என்றார். ஊரெல்லாம் இதையே சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

13 மார்ச்
இன்னொரு இடி. ஜெயம்மாள் அத்தை பாலைச் சந்தியா தள்ளி வைத்தாள். புளிப்பாம். எனக்கு ஒரு வாடையும் இல்லை. மாயவன் காய்ச்சிப் பார்த்தார். திரியவில்லை, நல்ல பால். அத்தை கண் கலங்கிப் போனார்.

"அன்னிக்கு வாட வந்துச்சு. இன்னிக்கும் வந்துச்சுக்கா. நெஜமா" என்றாள் சந்தியா.

"இனி எப்டிம்மா நம்பறது? வூட்டுக்கு இட்டுக்கினு போ" என்றார் மாயவன்.

நான் செய்த அதே தப்பு, ஆளை வைத்துப் பாலை முகர்ந்தது. இவளுக்கு எப்படி?

14 மார்ச்
சந்தியாவின் பழைய பள்ளி டீச்சர் நிர்மலாவுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். "நமக்குத் தெரியறதுல மூக்கு பாதி, மனசு ஏற்கெனவே நெனச்சிக்கினு இருக்கறது பாதி. அவளுக்கும் அப்டித்தான். எத ஜாஸ்தி எடுத்துக்கறோம்ன்றது ஆளுக்கு ஆள் மாறும். அவளுக்கு மனசே கெடையாதுன்னு நெனச்சியா?"

ஆமாம், நெனச்சேன். கூடப் பிறந்தவள் நான். வெட்கமாக இருக்கிறது.

15 மார்ச்
சந்தியாவே வழி சொன்னாள். "யாருதுன்னு சொல்லாதக்கா. அப்ப பால் மட்டும்தான வரும்."

மாயவனிடம் மாத முடிவு வரை கெஞ்சி வாங்கினேன். எல்லார் பாலையும் ஒரே மாதிரி டம்ளரில் அவர் ஊற்றி அடியில் நம்பர் ஒட்டுகிறார். தூக்கைப் பார்க்காமல் நாங்கள் இருவரும் தனித்தனியாக முகர்கிறோம்.

22 மார்ச்
ஒரு வாரமாக அவளிடம் ஒரு தப்பும் இல்லை.

31 மார்ச்
கடைசி நாள். ஒன்பதாவது டம்ளரைப் புளிப்பு என்றாள் சந்தியா. எனக்கும் புளிப்புதான், குமட்டியது.

மாயவன் நம்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உங்க வூட்டுப் பாலும்மா."

விடியற்காலை நானே கறந்து, வழியில் ஒருமுறை முகர்ந்தும் பார்த்த பால். அப்போது மணமாகத்தான் இருந்தது.

சந்தியா எங்கள் தூக்கை எடுத்து ஓரமாக வைத்தாள். பதிவேட்டில் உதவியாளர் என்ற இடத்தில் மாயவன் அவள் பெயரை எழுதினார். அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"தூக்குவாளிய நேத்து நீ சரியா கழுவலக்கா" என்றாள்.