ஒன்பதாவது துண்டு

அஸ்மாரா, ஜூன் 2, 1991

அன்பு மகள் திர்ஹாஸுக்கு உன் அப்பா எழுதுவது. ஆமாம், அப்பாதான், கையெழுத்தைப் பார்த்துப் பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆண்டவர் கிருபையால் இங்கே எல்லோரும் சுகம், மிலானில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்த ‘எல்லோரும்’ என்ற சொல்லை இன்னொரு தடவை படி. நீ மிலானுக்குப் போனதிலிருந்து உன் அம்மா அந்த இடத்தில் ‘நாங்கள் இருவரும்’ என்றுதான் எழுதிவந்தாள். பதினாலு வருஷத்துக்கு முன்னால் விடுதலைப் போராளிகளோடு சேர ஓடிப்போன உன் அண்ணன் மெஹாரி வந்துவிட்டான். உயிரோடு வந்துவிட்டான். இடது கையில் இரண்டு விரல் குறைகிறது, மற்றபடி முழுசாக இருக்கிறான். அம்மாவே எழுதியிருப்பாள், ஆனால் அவள் எங்கே வீட்டில் இருக்கிறாள், அவன் கிடைத்த நாளிலிருந்து தெருவில் ஆடிக்கொண்டே இருக்கிறாள், குலவை போட்டுப் போட்டுத் தொண்டை கட்டிவிட்டது, இப்போது வெறும் காற்றுதான் வருகிறது, ஆனாலும் விடுவதாக இல்லை. நானும் ஆடினேன். முட்டி வலி என்று சைக்கிள் கடையில் குனிந்து பஞ்சர் ஒட்ட முடியாத நான் டாங்கி மேல் ஏறி ஆடினேன், இறங்கத்தான் நாலு பேர் வேண்டியிருந்தது.

இதை எழுத வேறு ஒரு காரணமும் இருக்கிறது, அதற்கு வருகிறேன், வரத் தைரியம் வேண்டும், கொஞ்சம் பொறு. போராளிகள் ஜெயித்து ஊருக்குள் லாரி லாரியாக வந்தபோது நானும் அம்மாவும் சோளப்பொரி நிரம்பிய முறத்தோடு சாலை ஓரத்தில் நின்றோம். ஒவ்வொரு லாரியிலும் பொரியை வீசுவதும், ‘கிடானே மகன் மெஹாரியைத் தெரியுமா’ என்று கத்துவதுமாக இரண்டு நாள் போனது. ஒருவருக்கும் தெரியவில்லை. உன் அம்மாவின் முகம் கறுத்துக்கொண்டே வந்தது. கடைசியில் ஒரு பெண் போராளி, தலைமுடி புதர் போல, காலில் பிளாஸ்டிக் செருப்பு, அவள்தான் இறங்கி வந்து, “அய்யா, அங்க யாருக்கும் வீட்டுப் பேரு கிடையாது, எல்லாருக்கும் பட்டப்பேருதான், ஒங்க புள்ளைக்கு என்ன பேரு வெச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்” என்றாள். மகனின் பெயரே தெரியாமல் மகனைத் தேடுகிறோம் என்று அப்போதுதான் புரிந்தது. இருந்தாலும் விடவில்லை, பெயரை விட்டுவிட்டு மூக்கை வர்ணிக்க ஆரம்பித்தேன்.

மூன்றாம் நாள் ஊரே ஒரு பக்கமாக ஓடியது. தளபதி ஹிம்பாஷா வருகிறாராம். உனக்கு நினைவிருக்கும், போர்வைக்குள் ரேடியோவை வைத்துக்கொண்டு போராளிகளின் ஒலிபரப்பை நாம் கேட்போமே, அதில் வரும் பெயர். நீ போன பிறகுதான் அவர் பெரிய ஆள் ஆனார், மலையில் அங்கே வளைத்தார், இங்கே மடக்கினார் என்று வாரம் ஒரு செய்தி. பண்டிகை ரொட்டியின் பெயரை ஒரு தளபதி வைத்துக்கொள்வானா, இவனைப் பெற்றவள் எந்த அடுப்பங்கரையில் பெற்றாளோ என்று நான் கேலி பேசி, உன் அம்மாவும் சிரித்திருக்கிறாள். அவ்வளவு பெரிய ஆளுக்குத் தெரியாமல் இருக்குமா என்று கூட்டத்தை இடித்துக்கொண்டு ஜீப் முன்னால் போய் நின்றேன். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தேன். “தளபதி அய்யா, கிடானே மகன் மெஹாரின்னு ஒரு பையன், எங்கேயாவது பாத்தீங்களா” என்று கேட்டேன். அந்த மனிதர் என்னையே பார்த்தார். முகம் முழுக்கத் தாடி. “தெரியும். ஈஸ்டர் அன்னிக்கு நோன்பு முறிக்க வெச்சிருந்த ரொட்டியத் திருடிக்கிட்டு ஓடினானே, அந்தப் பயதானே” என்றார். பின்னாலிருந்து உன் அம்மா முறத்தைக் கீழே போட்ட சத்தம் கேட்டது. என் மகனுக்கே சல்யூட் அடித்த கையை இறக்கக்கூட எனக்குத் தோன்றவில்லை.

மகளே, அந்த ஒரு வாக்கியத்தில் எனக்கு மகன் கிடைத்தான். அதே வாக்கியத்தில் நான் குற்றவாளி ஆனேன். அந்த ஈஸ்டர் காலையில் ரொட்டியைக் காணோம், அதன் மேல் பதித்திருந்த திராட்சையில் இரண்டு மட்டும் உன் சட்டையில் ஒட்டியிருந்தது. நீதான் தின்றாய் என்று பெல்ட்டை எடுத்தேன். நீ வாயைத் திறக்கவில்லை. அண்ணன் எங்கே என்றதற்குக் கோயிலில் என்றாய். பதினோரு வயதுப் பெண் முறம் அகல ரொட்டியைத் தனியாகத் தின்றிருக்க முடியுமா என்று இந்த மடையனுக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. அன்றிலிருந்து உன்னை ‘ரொட்டிக்கள்ளி’ என்றே கூப்பிட்டேன், விருந்தாளிகள் முன்னால் கூப்பிட்டேன், விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன். நீ உண்மையைச் சொல்லியிருந்தால் நான் சைக்கிளில் விரட்டிப்போய் அவனை இழுத்து வந்திருப்பேன், இல்லையென்றால் சோதனைச் சாவடியில் ராணுவத்தார் பிடித்திருப்பார்கள், அதற்காகத்தானே அடி வாங்கினாய். நீ அம்மாவுக்கு எழுதும் கடிதங்களில் எனக்கென்று ஒரு வரி இருக்காது. அது ஏன் என்று இப்போது தெரிகிறது. என்னை மன்னித்துவிடு. நேற்று காப்பிக்குத் தெரு முழுவதையும் கூப்பிட்டு, முதல் சுற்று ஊற்றுவதற்கு முன்னால் எழுந்து நின்று, கள்ளி என் மகள் இல்லை, கள்ளன் இதோ என்று தளபதியைக் காட்டினேன். தளபதி எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டார்.

அந்த நேரத்தில் அவர் கையில் என்ன இருந்தது என்கிறாய், துடைப்பம். எழுநூறு பேருக்குக் கட்டளையிட்டவன் வீட்டைப் பெருக்குகிறான், பாத்திரம் கழுவுகிறான், அம்மாவை நகர்த்திவிட்டு மாவை வட்டமாக ஊற்றி இஞ்சேரா சுடுகிறான், அடியும் பிடிக்காமல் கண் கண்ணாக வருகிறது. பக்கத்து வீட்டுப் பெண்கள் வேடிக்கை பார்க்க வந்தால், “சும்மா நிக்காதீங்க தோழர், வெங்காயம் உரிங்க” என்கிறான். மெத்தை முதுகை விழுங்குகிறது என்று தரையில் படுக்கிறான். தூக்கத்தில் யார் யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிறான், எல்லாம் பட்டப்பெயர்கள். அவர்கள் வரவில்லையா என்று கேட்டேன், அடுப்பில் இன்னொரு விறகைச் செருகினான். பிறகு நான் கேட்கவில்லை.

பட்டப்பெயர் எப்படி வந்தது என்று மட்டும் கேட்டேன். ஆறு நாள் நடந்து, பசியோடும் தொடாமல், உன் சட்டையில் உதிர்ந்த இரண்டு திராட்சை தவிர ரொட்டியை முழுசாக மலைக்குக் கொண்டுபோயிருக்கிறான். சுடுவதற்கு முன்னால் மாவை மற்றவர்கள் எட்டுத் துண்டாகக் கீறினால் உன் அம்மா கைக்கு மட்டும் ஒன்பதுதானே வரும். அங்கே இருந்தது எட்டுப் பேர், ஆளுக்கொன்று போக ஒரு துண்டு மிஞ்சியது. அதைத் தொடாதீங்க, அது என் தங்கச்சி பங்கு என்றானாம். அது காய்ந்து தூளாகும் வரை வைத்திருந்தானாம், அதிலிருந்து அவனை ஹிம்பாஷா என்றே கூப்பிட்டார்களாம். தளபதி ஆன பிறகும் தாக்குதலுக்கு முன்னால் மணலில் ஹிம்பாஷா வரைந்துதான் திட்டம் சொல்வான், எதிரியைச் சுற்றி வளைக்க எட்டுத் துண்டுக்கு எட்டு அணி. ஒன்பதாவதில் யாரையும் நிறுத்த மாட்டான். எதிரிப் படையில் பாதிப் பேர் வலுக்கட்டாயமாகப் பிடித்து வந்த சின்னப் பையன்கள், அவர்கள் துப்பாக்கியைப் போட்டுவிட்டு வீட்டுக்கு ஓட ஒரு வழி வேண்டும் என்பான். மேலிடத்தில் சத்தம் போட்டிருக்கிறார்கள், அவன் மசியவில்லை. கட்டளைகளில் அந்த இடத்துக்குப் பெயரே ‘தங்கச்சி துண்டு’ என்று நிலைத்துவிட்டதாம். நீ மிலானில் அடுத்தவர் வீட்டுத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாய், உன் பங்கின் வழியாக யார் யாரோ பெற்ற பிள்ளைகள் உயிரோடு வீடு போய்ச் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

குளிரில் காலுறை இல்லாமல் நிற்காதே, சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. இத்தாலிக்குப் போகும் கன்னியாஸ்திரி ஒருவர் இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறார், அவருக்கு நல்ல காப்பி கொடு. மரியன்னை உன் முன்னும் பின்னும் நடக்கட்டும், உன் கை தொட்டதெல்லாம் துலங்கட்டும். விமானம் ஓட ஆரம்பித்ததும் புறப்பட்டு வா. இன்று அம்மா ஹிம்பாஷா சுட்டாள், ஒன்பதுதான் வந்தது. எட்டு தீர்ந்துவிட்டது. மிச்சமிருக்கும் ஒன்றுக்குத் தளபதியே காவல் இருக்கிறார், என்னை அந்தப் பக்கம் போகவே விடவில்லை.

இப்படிக்கு,
ரொட்டித் திருடனின் தகப்பன்,
உன் அப்பா கிடானே.